நாலு சங்கம் சேர்ந்தால் ஒரு வேலை நடக்க என்ன வேண்டும்

எந்தக் குடியிருப்புப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் நாலைந்து அமைப்புகளாவது இருக்கும். குடியிருப்போர் சங்கம், வணிகர் சங்கம், இளைஞர் மன்றம், பள்ளிப் பெற்றோர் குழு, வழிபாட்டுத்தலத்தை ஒட்டிய தொண்டுக் குழு. எல்லாரும் அதே அடைபட்ட சாக்கடையைப் பற்றித் தனித்தனியாக மனு எழுதிக்கொண்டிருப்பார்கள். ஐந்து மனுக்கள், ஐந்து தேதிகள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விவரங்கள். வாங்கி வைக்கிற அலுவலருக்கு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளி வைக்க அதுவே நல்ல சாக்கு.

சேர்ந்து செய்யலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கூட்டமைப்புக்குப் பெயர் வைப்பார்கள், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பதவிகளைப் பங்கு பிரிப்பார்கள், ஆறு மாதத்தில் பேச்சுமூச்சு இருக்காது. கேட்டால் 'கருத்து வேறுபாடு' என்பார்கள். கொஞ்சம் துருவிப் பார்த்தால் பணம் யார் கணக்கில் இருந்தது, பேனரில் யார் பெயர் முதலில் வந்தது, கூட்டத்துக்கு வந்தவருக்குச் சரி சொல்லும் அதிகாரம் இருந்ததா என்ற சில்லறைச் சங்கதிகள்தான் வெளியே வரும். அதையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

ஆரம்பத்தில் மூன்று முதல் ஐந்து அமைப்புகள் போதும். ஐந்து அமைப்புகளுக்குள் 10 ஜோடி உறவுகள் உண்டு. எட்டானால் 28, பன்னிரண்டானால் 66. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் ஒரு பழைய மனத்தாங்கல் ஒளிந்திருக்கலாம். 'எல்லாரையும் கூப்பிட்டுவிடுவோம்' என்ற பெருந்தன்மை முதல் வருடத்துக்கு ஆகாது. ஒரு வேலையை முடித்துக் காட்டிய பிறகு மற்றவர்கள் தாமாக வருவார்கள்.

அந்த முதல் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். 90 நாளுக்குள் முடிய வேண்டும், தெருவில் நடப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எந்த ஒரு அமைப்பாலும் தனியாகச் செய்ய முடியாததாக இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியம், கூட்டணியில் இருக்கும் எவருக்கும் அதனால் நட்டம் வரக்கூடாது. நடைபாதை ஆக்கிரமிப்பை அகற்றுவது நல்ல காரியம்தான், ஆனால் வணிகர் சங்கத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதை முதல் வேலையாக எடுத்தால் இரண்டாவது கூட்டம் நடக்காது. வாகன நிறுத்தமும் அப்படியே. தெருவிளக்கு, பள்ளிக்குப் போகும் வழி, குப்பை கொட்டும் மூலை, இவற்றில் ஒன்றை எடுங்கள்.

தெருவிளக்கையே பார்ப்போம். 'எங்கள் பகுதியில் விளக்குகள் சரியாக எரிவதில்லை' என்ற மனுவை வைத்துக்கொண்டு எந்த மின்பணியாளரும் ஏணியைத் தூக்க முடியாது. அவருக்குக் கம்ப எண் வேண்டும். ஆகவே நன்றாக இருட்டி அரை மணி நேரம் கழித்து, இரண்டிரண்டு பேராகக் கிளம்ப வேண்டும். ஜோடிக்கு 40 கம்பங்கள். கம்பங்களுக்கு இடையே 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுமார் 1.2 கிலோமீட்டர் நடை, எழுதிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். தாளில் ஐந்து கட்டங்கள் போதும்: கம்ப எண் (இல்லையென்றால் எதிரே உள்ள கதவு எண்), குறை, படத்தின் எண், தேதி, குறித்தவர் எந்த அமைப்பு.

'குறை' என்ற கட்டத்தில் 'எரியவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டு வந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஒரே ஒரு கம்பத்தில் மட்டும் இருட்டு என்றால் கோளாறு அந்த விளக்கில் அல்லது அதற்குப் போகும் கம்பியில். வரிசையாகப் பத்துக் கம்பங்கள் இருட்டு என்றால் பத்து விளக்கும் ஒரே நாளில் கெட்டிருக்காது; ஃபியூஸ், கேபிள், தெருவிளக்கு மின்பெட்டிக்குள் இருக்கும் டைமர் இவற்றில் ஏதோ ஒன்று. மூன்றில் ஒன்று வீதம் அணைந்து கிடந்தால், அங்கே விளக்குகளை மும்முனை மின்சாரத்தில் மாற்றி மாற்றி இணைத்திருக்கிறார்கள், அதில் ஒரு முனை போய்விட்டது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு எரிந்து, அணைந்து, சிறிது நேரத்தில் மறுபடி எரிந்தால் அதன் ஆயுள் முடிகிறது. எல்இடி சிமிட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே இருக்கும் டிரைவரை, அதாவது விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு கருவியை. பட்டப்பகலில் எரிந்தால் ஒளி உணரி கெட்டிருக்கிறது அல்லது அதன்மேல் தூசி படிந்திருக்கிறது. விளக்கு பளிச்சென்று எரிந்தும் தரை இருட்டாக இருந்தால் அண்ணாந்து பாருங்கள், மரக்கிளை மறைத்துக்கொண்டிருக்கும். அதை மின் பிரிவுக்கு எழுதிப் பயனில்லை, மரம் பராமரிப்பவர்களுக்குத்தான் எழுத வேண்டும். (எந்தச் சூழ்நிலையிலும் பெட்டியை நீங்களே திறந்து பார்க்காதீர்கள். ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.)

இந்த வேலையைப் பிரிக்கும்போதுதான் பல அமைப்புகள் இருப்பதன் பலன் தெரியும். கடையடைத்துக் கிளம்பும் வணிகர்களுக்குப் பெரிய தெரு. பெற்றோர் குழுவுக்குப் பள்ளி வழி. இளைஞர்களுக்கு உள்சந்துகள். எல்லாத் தாள்களையும் ஒரே பட்டியலில் ஏற்றித் தர ஒருவர். தெருமுனைக் கம்பத்தை இரண்டு குழுவும் எழுதிவிட்டு எண்ணிக்கை உதைக்கும். முனைக் கம்பம் பெரிய தெருவுக்குச் சேர்ந்தது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிறகு குறை வாரியாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு கடிதம், எல்லா அமைப்பின் கையெழுத்தோடும். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்காமல் வரக்கூடாது. சரியாக 30 நாள் கழித்து அதே ஜோடிகள் அதே கம்பங்களைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது நடையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் மனுவைவிட, 'நீங்கள் சரிசெய்தவை இவை, மிச்சம் இவை' என்று போகும் இரண்டாவது கடிதத்துக்குத்தான் அலுவலகத்தில் மரியாதை.

இனி எழுதி வைக்க வேண்டிய அந்த ஒரு பக்கம். ஒப்பந்தம் என்று சொன்னாலே சிலர் மிரளுவார்கள், 'புரிந்துணர்வுக் குறிப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை என்ன, எப்போது முடியும், யார் என்ன தருகிறார்கள், பணம் யாரிடம், முடிவு எப்படி எடுப்போம், விலகுவது எப்படி. ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பணத்துக்கு, முதல் வேலை முடியும்வரை புதிதாக வங்கிக் கணக்குத் திறக்க அலைய வேண்டாம். ஏற்கெனவே பதிவு செய்து தணிக்கைக்கு உட்பட்டிருக்கும் ஓர் அமைப்பு பொறுப்பேற்கட்டும். ஆனால் தன் கணக்குப் புத்தகத்தில் இதற்குத் தனித் தலைப்புப் போட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஆண்டறிக்கையில் அந்தத் தொகை அந்தச் சங்கத்தின் சொந்த வரவாகத் தெரியும். அதன் உறுப்பினர்களே 'இவ்வளவு வந்ததே, எங்கே போயிற்று?' என்று கேட்பார்கள். ஒவ்வொரு செலவுக்கும் இரண்டு ஒப்புதல்: ஒருவர் பொறுப்பு அமைப்பின் பொருளாளர், மற்றவர் கட்டாயம் வேறு அமைப்பைச் சேர்ந்தவர். வேலை முடிந்து 15 நாளுக்குள் ரசீதுப் படங்களோடு கணக்கு எல்லார் கைக்கும் போக வேண்டும். பொதுப் பணம் காணாமல் போவதில் திருட்டு குறைவு. 'அவசரத்துக்கு எடுத்தேன், அடுத்த வாரம் வைத்துவிடுவேன்' என்ற கைமாற்றுதான் அதிகம். அதற்கு இடமில்லை என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும். எழுதியிருந்தால் மறுக்கிறவருக்கும் சங்கடமில்லை.

ஆளுக்குச் சமமாகப் போடுவோம் என்பது காதுக்கு நியாயமாக இருக்கும். சிறிய மகளிர் குழு சத்தமில்லாமல் ஒதுங்குவது அந்த இடத்தில்தான். யாரும் வாய்விட்டு 'எங்களால் முடியாது' என்று சொல்ல மாட்டார்கள், அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள், அவ்வளவுதான். பணம், கூடம், ஏணி, ஒலிபெருக்கி, ஆள் நேரம், எதை வேண்டுமானாலும் பங்காகத் தரலாம் என்று வையுங்கள். வாக்கு மட்டும் எவ்வளவு தந்தாலும் அமைப்புக்கு ஒன்று. பெரிய தொகை தருகிற அமைப்புக்கு இது உறுத்தும், ஆகவே பணம் வாங்கிய பிறகு சொல்லாமல் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பிரதிநிதிகள். அமைப்புக்கு இரண்டு பேர், ஒரு மாற்று ஆள். இரண்டு பேர் ஏன் என்றால், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் போன கூட்டத்தில் என்ன பேசினோம் என்று தெரிந்த ஒருவர் இருப்பார். எந்த முடிவை அவர்கள் அங்கேயே எடுக்கலாம், எதைத் தங்கள் சங்கத்தில் கேட்டுவர வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேதி மாற்றம், இடம், பொருள் வாங்குவது அங்கேயே. புதுப் பணம், புதுக் கோரிக்கை, ஊடகத்துக்கு அறிக்கை என்றால் கேட்டுவிட்டு.

நாள்காட்டியில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் மாதம் ஒருமுறைதான் கூடும். கூட்டுக்குழு மாத முதல் வாரம் கூடி, ஒரு சங்கம் நாலாவது வாரம் கூடினால், 'கேட்டுச் சொல்கிறேன்' என்ற பதில் வர ஒரு மாதம். அதில் ஒரு திருத்தம் வந்தால் இன்னொரு மாதம். எல்லாச் சங்கக் கூட்டங்களும் முடிந்த பிறகு வருகிற மாதிரி கூட்டுக்குழுவின் நாளை வைத்து, பேசவேண்டியவற்றைப் பத்து நாள் முன்பாகவே அனுப்பிவிட்டால் இந்தத் தாமதம் காணாமல் போகும். பல கூட்டமைப்புகள் 'சுறுசுறுப்பே இல்லை' என்று திட்டு வாங்குவது இந்த ஒரு தேதிக் குளறுபடிக்காகத்தான்.

பெயர் விவகாரத்துக்கு ஒரே மருந்து அகரவரிசை. பேனர், கடிதம், நன்றி அறிவிப்பு எல்லாவற்றிலும், எழுத்து அளவு ஒன்றே. தேர்தல் நெருங்கும்போது வேட்பாளர் ஒருவர் 'சும்மா வந்து பார்க்கிறேன்' என்பார். எல்லா வேட்பாளர்களையும் கூப்பிடுங்கள் அல்லது யாரையும் கூப்பிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அறிவிப்புக்கு ஒரு குழு, வேலைக்கு ஒரு குழு; முடிவு எதுவும் அங்கே எடுப்பதில்லை. ஓர் அமைப்பின் உறுப்பினர் தொலைபேசிப் பட்டியலை இன்னோர் அமைப்பிடம் கொடுக்காதீர்கள். செய்தியைக் கொடுங்கள், அவர்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பிக்கொள்வார்கள்.

கூட்டத்தில் யாருக்கு இடமே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் டட்லி தெரு அக்கம்பக்க முன்னெடுப்பு என்ற பகுதிக் கூட்டமைப்பு 1984-ல் தொடங்கியபோது, நிர்வாகக் குழுவுக்கான முதல் வரைவில் அங்கு குடியிருப்பவர்களுக்கு மிகக் குறைந்த இடங்களே இருந்தன. பொதுக்கூட்டத்தில் மக்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். வரைவை மாற்றி, குடியிருப்பவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படியும், அங்கு வாழ்ந்த நான்கு இனக் குழுக்களுக்கும் மக்கள்தொகை பாராமல் சமமான இடங்கள் இருக்கும்படியும் செய்தார்கள். அவர்கள் எடுத்த முதல் பெரிய வேலை, காலி மனைகளில் வெளியார் குப்பை கொட்டுவதை நிறுத்துவது. அதில் ஜெயித்த பிறகுதான், 1988-ல், அந்த மனைகளையே கையகப்படுத்தும் அதிகாரத்தை நகரத்திடம் கேட்டு வாங்கினார்கள். இதற்கு நேர்மாறான பாடம் சிகாகோவில். இறைச்சிக்கூடங்களின் பின்புறம் இருந்த பகுதியில் 1939-ல் ஜோசப் மீகன் என்ற உள்ளூர்க்காரரும் சால் அலின்ஸ்கி என்ற சமூக அமைப்பாளரும் சேர்ந்து அமைத்த மன்றம், ஒன்றையொன்று ஏறெடுத்தும் பார்க்காத போலந்து, லிதுவேனிய, ஸ்லோவாக்கியத் தேவாலயங்களையும் தொழிற்சங்கத்தையும் ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. பெரிய சாதனைதான். பின்னாளில் அதே மன்றம் கறுப்பின மக்களை அந்தப் பகுதிக்குள் வரவிடாத அரணாக ஆனதை அலின்ஸ்கியே கண்டித்தார். வாடகைக்குக் குடியிருப்பவர், இரவுப் பணிக்குப் போகிறவர், புதிதாகக் குடிவந்தவர் ஆகியோரின் பெயர் உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

துப்புரவு நாள் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாரும் அதில்தான் இறங்குகிறார்கள். எட்டிலிருந்து பத்துப் பேருக்கு ஒரு பொறுப்பாளர். தடித்த கையுறை, அதுவும் இரண்டு அளவில். ஊசி, உடைந்த கண்ணாடிக்கு மூடியுள்ள கெட்டியான டப்பா, பையில் போடவே கூடாது. ஊசியைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். சிறுவர்களை அந்தப் பக்கம் விட வேண்டாம். எல்லாம் சரியாக நடந்தும் கெடுவது ஒரே இடத்தில்: குப்பை வண்டி. 'வரும்' என்று வாயால் சொன்னதை நம்பிக் கட்டிவைத்த மூட்டைகள் ஒரு வாரம் கிடந்து, நாய் கிழித்து, பழைய நிலையைவிட மோசமாகும். வண்டி வரும் நேரமும் ஓட்டுநரின் எண்ணும் எழுத்தில் கிடைக்காவிட்டால் நாளைத் தள்ளிப்போடுங்கள். அந்த மூலை ஏன் குப்பைமேடானது என்றும் கேளுங்கள். இருட்டா, தொட்டி தூரத்தில் இருக்கிறதா, வண்டி வரும் நேரத்தில் வீட்டில் யாரும் இல்லையா? அது மாறாமல் பெருக்கினால் இரண்டே வாரத்தில் மறுபடி சேர்ந்துவிடும்.

கடைசியாக, விலகும் விதி. நல்ல மனநிலையில் இருக்கும்போதே எழுத வேண்டியது. 30 நாள் முன்னறிவிப்பு, ஏற்றுக்கொண்ட வேலையைக் கைமாற்றுவது, கொடுத்த பணம் செலவாகியிருந்தால் திரும்பாது, இரவல் தந்த ஏணியும் ஒலிபெருக்கியும் தந்த நாளில் எடுத்த படத்தில் இருந்த நிலையிலேயே திரும்பும். கூட்டமைப்பே கலைந்தால் மிச்சத் தொகை கொடுத்த விகிதத்தில் பிரியுமா, அடுத்த வேலைக்கென்று பொறுப்பு அமைப்பிடம் நிற்குமா என்று இரண்டில் ஒன்றைக் குறித்துவிடுங்கள். பொதுவில் வாங்கிய சாமான்களுக்கு ஒரு பட்டியல், எந்த வீட்டில் எது இருக்கிறது என்ற குறிப்போடு. பொறுப்பாளர் வீடு மாறிப் போன பிறகு மண்வெட்டியையும் கூடாரத்தையும் தேடி அலையும் சங்கங்கள் நிறைய.