குட்டையைச் சுத்தம் செய்தோம், முதல் நாள் தண்ணீர்க் கணக்கு மட்டும் கையில் இல்லை

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குக் குட்டையில் இறங்கி, பக்கத்துக் கிணற்றுக்கும் போய், மொத்தம் ஆறு பாட்டில் தண்ணீர் எடுத்தேன். மீன் கடையில் ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி லேப் கவுன்டரில் நின்றபோது மணி பத்தேகால்.

"வியாழக்கிழமை பி.ஓ.டி. எடுக்கறதில்லைங்க. நாளைக்கு வாங்க."

முந்தின நாள் போனில் கேட்டதற்கு, "எப்ப வேணாலும் கொண்டு வாங்க" என்று சொன்னதும் இதே கவுன்டர்தான். ஏன் என்று கேட்டேன். பதில் இல்லை. உள்ளே இருந்த ஒரு தம்பிதான் பிறகு வெளியே வந்து விளக்கினார். பி.ஓ.டி. என்பது தண்ணீரை 27 டிகிரியில் 3 நாள் வைத்து, அதில் இருக்கிற கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கின்றன என்று பார்ப்பது. வியாழன் வைத்தால் ஞாயிறு பார்க்க வேண்டும். ஞாயிறு ஆள் இல்லை. புதன்கிழமை வைத்தால் சனிக்கிழமை, அதுவும் சில இடங்களில் ஆகாது. சரி, பெட்டியை இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமா என்றால், எடுத்த 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கியாக வேண்டும், வெள்ளிக்கிழமை புதிதாக எடுத்து வருவதுதான் நல்லது என்றார்.

அதோடு விடவில்லை. கோலிஃபார்ம் கிருமிக்கு என்று நான் கொண்டுபோன இரண்டு பாட்டிலும் செல்லாது. வெந்நீரில் கழுவிய பழைய தண்ணீர் பாட்டில்கள் அவை. கிருமி நீக்கிய பாட்டிலை லேப்பில்தான் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதை வாய்வரை நிரப்பக் கூடாது, குலுக்குவதற்கு மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். கரைந்த ஆக்சிஜனுக்கான 300 மில்லி பாட்டிலோ நேர் எதிர், ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி மூட வேண்டும். இதில் ஒரு வார்த்தையாவது போனில் சொல்லியிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

வெறும் பெட்டியோடு திரும்பி, மதியம் இரண்டு மணிக்கு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். தூரத்தில் டீசல் பம்ப் ஓடும் சத்தம். வெள்ளிக்கிழமை மதியம் தொடங்குவதாகத்தான் பேசியிருந்தோம். வாடகை பம்ப் ஒரு நாள் முன்னாலேயே கிடைத்துவிட்டது என்று காண்டிராக்டர் ஓட்டிவிட்டார். கறுப்புத் தண்ணீர் ஓடையில் போய்க்கொண்டிருந்தது. கலக்குவதற்கு முன்னால் குட்டை எப்படி இருந்தது என்பதற்கு இனி எந்த லேப்பாலும் எண் தர முடியாது. அங்கேயே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

முன்கதை சுருக்கமாக. எங்கள் பக்கம் மாம்பழம்தான் வாழ்வு. சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகும். போன சீசனில் ராத்திரி நேரத்தில் யாரோ டேங்கரில் கழிவுத் தண்ணீரைக் கொண்டுவந்து குட்டையில் விட்டார்கள். தோல், கொட்டை, சர்க்கரைத் தண்ணீர். அதோடு தெருச் சாக்கடையும் கலந்து, ஆறே மாதத்தில் அடி முழுக்கத் தார் மாதிரி சேறு. கெண்டை மீன் எல்லாம் ஒரே வாரத்தில் மிதந்தது. கிராம சபைத் தீர்மானம், திங்கட்கிழமை மனு, வண்டல் எடுக்கத் தாசில்தார் ஆபீஸ் அனுமதி எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் முடிந்தன. கண்காணிப்பு வேலையைத்தான் யாரும் பொறுப்பெடுக்கவில்லை. பிளஸ் டூவில் வேதியியல் படித்தவன் என்பதால் என் தலையில் விழுந்தது.

பம்ப் ஓடிய மூன்றாம் நாள். தண்ணீர் இடுப்பளவுக்கு வந்ததும், சேற்றைக் கிளறி உறிஞ்சுவதற்காகக் குழாயை நகர்த்தினார்கள். அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் பம்ப் ஓட்டும் அண்ணன், "இப்ப நாத்தம் குறைஞ்சிடுச்சு தம்பி" என்றார். கண் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தலை வலிக்கிறது என்றவர் அப்படியே கரையில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு இருபது அடி மேலே நின்றிருந்தேன். எனக்கு நாற்றம் துளியும் குறையவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

அந்த வாயு ஹைட்ரஜன் சல்பைடு. 1 பி.பி.எம்.முக்கு, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு, குறைவாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும். 100 பி.பி.எம். அளவில் சில நிமிடங்களிலேயே வாசனை தெரியாமல் போய்விடும், உயிருக்கு ஆபத்தான கட்டமும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாற்றம் குறைந்துவிட்டது என்று உள்ளே நிற்பவர் சொன்னால் முதலில் அவரை வெளியே இழுங்கள். நீங்கள் உள்ளே இறங்காதீர்கள். கயிறு போட்டோ, மேலே வரச் சொல்லியோ வெளியேற்றுங்கள். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து விழுவதுதான் இந்த வாயுவில் வழக்கமாக நடக்கிறது. எங்கள் அண்ணன் அரை மணி நேரம் காற்றோட்டத்தில் இருந்து தெளிந்தார். இருந்தாலும் காவேரிப்பட்டணம் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அன்று சாயங்காலமே ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் கை மீட்டர் ஒன்றை இரவல் கேட்டேன். நாலு வாயு காட்டும் கருவி. ஹைட்ரஜன் சல்பைடு 10 பி.பி.எம்.மைத் தொட்டால் கத்தும். முதல் நாள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன், பெரிதாக ஒன்றும் காட்டவில்லை. இந்த வாயு காற்றை விடக் கனம், தரையோடு தவழும் என்று அவன் போனில் சொன்ன பிறகு, குச்சியில் கட்டி முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். கத்தியது. சூரியன் ஏறுவதற்கு முன், காற்று அசையாத நேரத்தில்தான் அதிகம் காட்டியது. ஆனால் வெயிலுக்குப் பயந்து எங்கள் ஆட்கள் சேற்றில் இறங்கியதே அந்த நேரத்தில்தான். வேலையை எட்டரைக்குத் தள்ளி, மீட்டர் பார்த்துவிட்டு இறங்குவது என்று மாற்றினோம். காண்டிராக்டர் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் கரையை விட்டு நகரவில்லை.

சேற்றில் ஏன் இவ்வளவு வாயு என்பதற்கும் காரணம் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் கிருமிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றிவிடுகின்றன. பி.எச். என்கிற அமில-கார அளவு 7க்குக் கீழே போகப் போக அந்தச் சல்பைடு தண்ணீரில் தங்காமல் வாயுவாக வெளியே வரும். எங்கள் குட்டை 6.4. சுண்ணாம்பு போட்டால் அடங்கும் என்று யாரோ சொல்ல, ஆட்கள் மூட்டை மூட்டையாகக் கொட்டத் தொடங்கினார்கள். ஓடிப்போய் நிறுத்தினேன். பி.எச். 9ஐத் தாண்டினால் சல்பைடு அடங்கும்தான், ஆனால் சாக்கடையில் இருக்கிற அம்மோனியா கிளம்பிவிடும், ஓடை போய்ச் சேரும் கீழ் ஏரி மீனுக்கு அது விஷம். கொஞ்சம் போட்டு, கலக்கி, அளந்து, மறுபடி போடுவதுதான் வழி.

அதற்கு நடுவில் காண்டிராக்டர் தரப்பில் ஒரு தனியார் நிறுவனம் காற்றுப் பரிசோதனை செய்ய வந்தது. பெரிய தூசி உறிஞ்சும் கருவியை மேற்குப் பக்கம் ஒரு ஷெட் ஓரம் வைத்தார்கள். காற்று அன்று மேற்கிலிருந்து கிழக்கே, காலனிப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அதாவது குட்டைக் காற்று அந்தக் கருவிப் பக்கமே போகவில்லை. கரண்டும் இல்லை என்று பக்கத்திலேயே டீசல் ஜெனரேட்டர். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. பி.எம்.10 என்கிற நுண்தூசி, 24 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறது, எல்லாம் வரம்புக்குள் என்று.

"தம்பி, அந்த முட்டை நாத்தம் இதுல எங்க இருக்கு?" என்று அவர்கள் ஆளிடம் கேட்டேன்.

"அது லிஸ்ட்லயே இல்லைங்கண்ணா."

பொய் சொல்லவில்லை. 2009இல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகளில் 12 மாசுகள் இருக்கின்றன. தூசி, சல்பர் டை ஆக்சைடு, அம்மோனியா, ஈயம், பென்சீன் என்று போகும் அந்தப் பட்டியலில் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. ஒரு மனிதரைச் சாய்த்த வாயுவை யாருமே அளக்காமல் "காற்று நன்றாக உள்ளது" என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். இந்த மாதிரி வேலை உங்கள் ஊரில் நடந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே ஹைட்ரஜன் சல்பைடைத் தனியாக எழுதி வாங்குங்கள். சராசரியாக வேண்டாம், வேலை நடக்கிற நேரத்தில் ஆள் நிற்கிற இடத்தில் அளக்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கும் வாயு 24 மணி நேரச் சராசரியில் காணாமல் போய்விடும்.

தண்ணீர் விஷயத்திலும் இதே கதை. அவர்கள் ரிப்போர்ட்டில் கீழ் ஏரித் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம். மீன் வாழ 4 போதும் என்பதால் அருமையான எண். எடுத்த நேரத்தைப் பார்த்தேன், மதியம் 2.30. பாசி பிடித்த தண்ணீரில் பகல் முழுக்கப் பாசி ஆக்சிஜனை உண்டாக்கும், ராத்திரி அதுவே மூச்சு விட்டுத் தின்றுவிடும். விடியலுக்கு முன்தான் மிகக் குறைவு. மீன் செத்து மிதப்பதை நாம் எப்போதும் காலையில் பார்ப்பது அதனால்தான். மறுநாள் ஐந்தரைக்கு, மீன் பிடிக்கும் மாமாவின் பரிசலில் கீழ் ஏரி நடுவே போய், முழங்கை ஆழத்தில் அளந்தேன். 2.1. அந்த எண்ணையும் நேரம் தெரிகிற போட்டோவையும் கொண்டுபோய் வைத்த பிறகுதான் ஓடையில் நேரடியாகத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார்கள். நடுவில் குழி வெட்டித் தேக்கி, தெளிந்த பிறகு விட்டார்கள். வெளியே விடும் தண்ணீரில் பி.ஓ.டி. 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. குழியிலிருந்து எடுத்த முதல் மாதிரி தாண்டியது, மூன்றாவது மாதிரி உள்ளே வந்தது. அந்த ரிப்போர்ட்டை வாங்கிய அன்று லேப் வாசலிலேயே நின்று நாலு பேருக்கு போன் செய்தேன்.

கிணறுகளுக்கு வருகிறேன். ஊர் போர்வெல் ரிப்போர்ட்டில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் என்று வந்ததும், குட்டையைக் கிளறியதால்தான் என்று பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் பெரிய சண்டை. ஃபுளோரைடு நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறையிலேயே இருக்கிறது. வரம்பான 1.5ஐத் தாண்டிய தண்ணீரைக் குடித்துப் பல் கறுத்தவர்கள் பல ஊர்களில் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அதை வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? எங்கள் ஊரில் தண்ணீர் சோதனை கிட் வைத்திருக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்களே, அவர்களில் ஒருவர். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அதே போர்வெல்லில் அவர் பார்த்த கணக்கைப் பழைய நோட்டில் எழுதி வைத்திருந்தார். இரண்டிலும் ஃபுளோரைடு 1.5க்கு மேலே. நைட்ரேட் வரம்பான 45க்குள். இப்போதும் அப்படியே. அந்த நோட்டை விரித்ததும் சண்டை அடங்கியது. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு அக்கா இருப்பார், முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள். போர்வெல்லில் எடுக்கும்போது மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள், குழாயில் தங்கிய தண்ணீர் கணக்காகாது.

ஆனால் ஓடைக்குக் கீழே ஒரு மாமாவின் வெட்டுக் கிணறு இருக்கிறது. தனியார் கிணறு, அக்காவின் நோட்டில் இல்லை. பம்ப் ஓடிய நாலாம் நாள் தண்ணீர் மஞ்சளாகி நாற்றம் வந்தது. எங்கள் மாதிரியில் அம்மோனியாவும் இரும்பும் கூடுதலாக இருந்தன. முன்னால் எப்படி இருந்தது என்று காட்டுங்கள் என்கிறார் காண்டிராக்டர். அந்த வியாழக்கிழமைப் பெட்டியில் ஆறாவது பாட்டில் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். ஐஸ் உருகிய பிறகு அதை நானே வாய்க்காலில் கொட்டினேன்.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "மாடு குடிக்க மாட்டேங்குது மாப்ளே" என்று மட்டும் சொன்னார். கிணற்றை இரண்டு முறை இறைத்தோம். மாதத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை காலையில், லேப் கொடுத்த பாட்டிலில் எடுத்துப் போகிறேன். போன மாதம் அம்மோனியா பாதியாகக் குறைந்திருந்தது. மாடு இன்னும் குடிக்கவில்லை.