பாய்லரின் முள் மூன்று முறை பூஜ்யத்துக்கு வந்த கதை

லண்டனில் ஹாரோ பகுதியில் எங்கள் வீடு. ஜனவரி மாதத்தில் ஒரு விடியற்காலை, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாம் கல்லாகக் குளிர்ந்து கிடந்தன. அவற்றுக்குத் தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பாய்லரின் அழுத்தமானி முள் பூஜ்யத்தில் நின்றது. எட்டு மாதக் குழந்தை இருக்கும் வீடு. பயந்துவிட்டேன்.

எங்களுடையது மூடிய சுற்று. ரேடியேட்டர்களில் ஓடும் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சூடாகும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அழுத்தம் வேண்டும். மிகவும் குறைந்தால் பாய்லர் தானாகவே நின்றுவிடும்.

கையேட்டைப் பார்த்து நானே நிரப்பினேன். பாய்லருக்கு அடியில் கம்பிப் பின்னல் போர்த்திய சிறு குழாய் ஒன்று, அதில் இரண்டு வால்வுகள். மெல்லத் திறந்தால் தண்ணீர் ஏறும் ஓசை கேட்கும். முள் 1.3க்கு வந்ததும் இரண்டையும் இறுக மூடினேன். ஒன்று கூடக் கசியக்கூடாது; கசிந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்.

நான்கே நாளில் மறுபடியும் பூஜ்யம். நிரப்பினேன். மூன்றாம் முறையும் அதே கதை. ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வுக்கு அடியிலும் காகிதம் வைத்துப் பார்த்தேன், தரைவிரிப்பைத் தடவிப் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை.

கடைசியில், கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பிரிட்டனின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு பெற்ற யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் இருந்தது: "தம்பி, வீடு சூடாக இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது?"

நான் குளிர்ந்த வேளையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அன்று மாலை, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால் 2.8! வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவைக்கச் சொன்னார். காலையில் பையில் அரை டம்ளர் தண்ணீர்.

சூடானால் தண்ணீர் விரியும். அந்த விரிவுக்கு இடம் கொடுக்க பாய்லருக்குள் ஒரு கலம் உண்டு. ரப்பர் சவ்வுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. எங்கள் கலத்தில் காற்று இறங்கிப்போயிருந்தது. இடமில்லாததால் அழுத்தம் 3 பாரை எட்டும், பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை அந்தச் செம்புக் குழாய் வழியே வெளியே தள்ளும், ஆறியதும் முள் விழும். நான் பகலில் ஊற்றியதை வீடு இரவில் கொட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வந்தார். பாய்லரின் மேலுறையைக் கழற்றுவது பதிவு பெற்றவரின் வேலை. நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. முதலில் சுற்றின் அழுத்தத்தை இறக்கினார். கார் டயரில் இருப்பது போன்ற வால்வின் ஊசியை அழுத்தினார். கொஞ்சம் காற்று மட்டும் வந்தது. தண்ணீர் வந்திருந்தால் சவ்வு கிழிந்தது என்று பொருள், கலத்தையே மாற்ற வேண்டியிருக்கும். டயர் பம்பாலேயே, தயாரிப்பாளர் குறித்திருந்த அளவுக்குக் காற்றடித்தார். பலமுறை திறந்த பாதுகாப்பு வால்வு இனி சரியாக மூடாது என்று அதையும் மாற்றினார். அடிக்கடி புதுத் தண்ணீர் ஏறினால் அதிலுள்ள ஆக்சிஜன் ரேடியேட்டரை உள்ளே துருப்பிடிக்க வைக்குமாம்; துருத்தடுப்பு மருந்தும் சேர்த்தார்.

இப்போது ஆறியிருக்கும்போது 1.2, சூட்டில் 1.7. இரண்டு வேளையும் பார்க்கிறேன். செம்புக் குழாயில் பையை இன்னும் இரண்டு வாரம் விட்டுவைத்தேன். உலர்ந்தே இருந்தது. பிறகுதான் அவிழ்த்தேன்.