ஸ்கேனருக்குள் போகும் முன் ஒரு நினைவைத் தேடி எடுப்பது

மனச்சோர்வு உள்ளவரிடம் சந்தோஷமான நினைவு ஒன்றைச் சொல்லச் சொன்னால், "லீவு விட்டா ஆச்சி வீட்டுக்குப் போவோம்" என்பார். எந்த லீவு, யார் கதவைத் திறந்தது, எதுவும் வராது. 1986-ல் வில்லியம்ஸ், பிராட்பென்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் கண்டது இதைத்தான்: நினைவு ஒரு குறிப்பிட்ட நாளில் போய் இறங்காமல் பொதுப்படையாகவே நின்றுவிடுகிறது.

இதை அளக்கும் சோதனையில் ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்து, அது கிளப்பும் நினைவு ஒன்றைச் சொல்லச் சொல்வோம். ஒரே நாளுக்குள் நடந்து முடிந்த நிகழ்ச்சி வந்தால்தான் 'குறிப்பான நினைவு'. பதில் சொல்லக் கொடுக்கும் நேரம் 30 நொடியா 60 நொடியா என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசி ஆள் வரை மாற்றக் கூடாது. பயிற்சிச் சொற்களில் அவர் சரியான பதில் சொல்லும் வரை அசல் பட்டியலைத் தொடவே வேண்டாம். பொதுப்படையாகச் சொன்னால், "அதுல ஏதாவது ஒரு நாள்?" என்று ஒரு தடவை கேட்கலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எதிரில் இருப்பவர் திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல் "அன்னிக்கு மழையா?" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பதில் இனி அவருடையது இல்லை. பதிவைக் கேட்டு இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் இது வெளியே வந்துவிடும்.

அமிக்டலா நியூரோஃபீட்பேக் என்பது, மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி எவ்வளவு இயங்குகிறது என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுத்திருப்பவருக்கே திரையில் ஒரு பட்டையாகக் காட்டி, சந்தோஷமான நினைவால் அதை ஏற்றப் பழக்குவது. அதற்கு நினைவு சேகரிப்பது வேறு வேலை. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் உதவலாம், உதவத்தான் வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். மூன்று நினைவுகளையாவது எழுதி வாங்குங்கள்.

அமெரிக்காவின் டல்சா நகரில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வின் முறைதான் பெரும்பாலும் முன்மாதிரி: 40 நொடி ஓய்வு, 40 நொடி நினைவு, 40 நொடி பின்னோக்கி எண்ணுதல். ஸ்கேனர் பார்ப்பது மூளையின் ரத்த ஓட்டத்தை; அது ஏற ஐந்தாறு நொடி ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், திரையில் பட்டை அசையவில்லையே என்று நல்ல நினைவைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். மூச்சு இன்னொரு தொல்லை. ஆழ்ந்து நினைக்கும்போது சிலர் தம்மை அறியாமல் மூச்சை அடக்குவார்கள். ரத்தத்தில் கரியமிலவாயு கூடி, அதனாலேயே சிக்னல் ஏறும். மார்பில் சுவாசப் பட்டி கட்டாமல் அந்த ஏற்றத்தை நம்ப முடியாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. பட்டை ஏறினாலே மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பா வாங்கித் தந்த நீலக் கலர் சைக்கிள் அருமையான நினைவு. அந்த அப்பா போன வருஷம் இறந்திருந்தால் அதே நினைவு அழுகையில் போய் முடியும். அமிக்டலா அதற்கும் எழும்பும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் "என்ன நினைச்சீங்க, எப்படி இருந்துச்சு?" என்று மைக்கில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கசந்துபோன நினைவை அங்கேயே மாற்றிவிடலாம்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 படிவத்தைச் சாயங்காலம் கூட்டிப் பார்க்கலாம் என்று ஓரமாக வைக்காதீர்கள். ஒன்பதாவது கேள்வி சாவையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால், அவர் செருப்பு மாட்டுவதற்குள் மனநல மருத்துவர் வந்து பேசியாக வேண்டும்.