போன வருடம் கொடுத்தவர் இந்த வருடம் ஏன் கொடுக்கவில்லை?

சின்ன அறக்கட்டளைகளில் நிதி திரட்டுவது என்றாலே புது ஆள் பிடிப்பது என்று ஆகிவிட்டது. அதற்கு முன் போன வருடப் பட்டியலை எடுத்து, இந்த வருடம் கொடுக்காதவர்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் நின்றுபோன காரணம் பெரும்பாலும் நம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும்.

முதலில் ரசீது. நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி விலக்குக்கு நாம் எழுதித் தரும் ரசீது மட்டும் போதாது. 2021-22 நிதியாண்டு முதல், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரித்துறைக்குச் சொல்லும் 10பிடி படிவத்தை மே 31க்குள் தாக்கல் செய்து, அதிலிருந்து கிடைக்கும் 10பிஇ சான்றிதழைக் கொடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்று வந்துவிட்டது. பணம் வரும் அன்றே பான் எண்ணையும் அட்டையில் உள்ளபடி பெயரையும் வாங்கிவிடுங்கள். படிவம் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். அதைவிடப் பெரிய நஷ்டம், ஜூலையில் வரிக் கணக்குக் காட்டும்போது விலக்கு கிடைக்காதவர் மறுபடி நம் பக்கம் வரமாட்டார்.

ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் விலக்கே கிடையாது. ஒருவர் 5,000 ரூபாயை நோட்டாக நீட்டினால் மூன்று ரசீதாகப் பிரித்துப் போடாதீர்கள். மேசையிலேயே க்யூஆர் அட்டை இருக்கட்டும். புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி உதவாது என்பதையும் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாதச் சந்தாவுக்கு, கொடுப்பவர் ஒருமுறை ஒப்புக்கொண்டால் மாதாமாதம் தானாகவே பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபே வசதியானது. பிடிக்கும் தேதியை 5 முதல் 7க்குள் வையுங்கள். மாதக் கடைசியில் வைத்தால் கணக்கில் பணமில்லாமல் திரும்பும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அவருக்கு அறிவிப்பு போகும். 'இது எதற்கு?' என்று ரத்து செய்யத் தோன்றுவதும் அப்போதுதான். அதற்கு முந்தின நாளே, போன மாதப் பணத்தில் என்ன நடந்தது என்று இரண்டு வரியும் ஒரு படமும் அனுப்பிவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக நடந்தும் நன்கொடை சரிகிறதென்றால், அவர்களோடு பேசும் நம் ஆள் மாறியிருக்கும். கொடுப்பவர்களுக்கு அறக்கட்டளை என்றால் மாதாமாதம் பேசுகிற அந்தக் குரல்தான். அந்தப் பணியாளர் வேலையை விட்டால் எண்களும் பேச்சும் அவருடைய சொந்தப் போனோடு போய்விடும். அறக்கட்டளை பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். ஒரு நோட்டில் தேதி, பேசியது, நாம் ஒப்புக்கொண்டது என மூன்று நெடுவரிசை போதும். திரட்டும் தொகையில் சதவீதம் தருவதாகச் சொல்லி ஆள் வைக்காதீர்கள். இலக்கை எட்ட, செய்ய முடியாததையெல்லாம் சொல்லிவிடுவார்கள், பதில் சொல்வது அடுத்து வருபவர். விலகுகிறவர் கடைசி இரண்டு வாரம், புதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முக்கியமான இருபது பேரிடமாவது பேசி அறிமுகம் செய்யட்டும்.