முன்னுரை வேண்டாம்: டெக்சாஸ் ஸ்டார் தேர்வோடு இரண்டு ஆண்டுகள்

டெக்சாஸ் மாநிலம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வைக்கும் ஸ்டார் தேர்வில் எட்டாம் வகுப்பு முடிவுகள் வந்துவிட்டன. 'அப்ரோச்சஸ்' என்றால் தேர்ச்சிக் கோட்டைத் தொட்டது, அதற்கு மேல் 'மீட்ஸ்', உச்சியில் 'மாஸ்டர்ஸ்'. மகன் ஆங்கில வாசிப்பில் 'மீட்ஸ்', அறிவியலில் 'மீட்ஸ்', சமூக அறிவியலில் மயிரிழையில் 'அப்ரோச்சஸ்'. 'அல்ஜீப்ரா 1' முடிவு முன்பே தெரிந்துவிட்டது: 'மாஸ்டர்ஸ்'. பெருமைப்பட ஒன்றுமில்லை என்பீர்கள். போன ஜூனில் இதே சமையலறை மேசையில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள்.

எந்த வகுப்புக்கு எந்தப் பாடம், எத்தனை தேர்வு என்பதையெல்லாம் விளக்கப் போவதில்லை. அது பள்ளி அனுப்பும் கடிதத்திலேயே இருக்கிறது. கடிதத்தில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். எண் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் குணம் இல்லாதவர்களுக்கு நான் சொல்வதில் பாதி அளவுக்கு மீறியதாகத் தோன்றலாம்.

2024 ஆகஸ்டில் கோவையிலிருந்து டாலஸுக்கு வடக்கே உள்ள ஓர் ஊருக்கு வந்தோம். மகன் ஏழாம் வகுப்பில் சேர்ந்தான். கணக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதவேண்டும் என்றதும் என் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டேன். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்களுக்குச் சனிக்கிழமை இரவு, அவருக்கு ஞாயிறு காலை. காப்பியோடு கைப்பேசி முன்னால் உட்கார்ந்து பேரனுக்குப் பாடம் நடத்துவார். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. "வாசலில் கோலம் இல்லாத வீட்டுக்குள் யார் வருவார்கள் கண்ணு? முன்னுரைதான் கோலம்" என்பார். அப்புச்சி சொன்னதைப் பையன் அப்படியே பிடித்துக்கொண்டான்.

தேர்வில் நீள விடைக்கான பெட்டி 2,300 எழுத்துகளோடு நின்றுவிடும். 2,300 சொற்கள் அல்ல, எழுத்துகள். அதில் பாதிக்குக் கோலம் போட்டுவிட்டான். மீதியில் தனக்குத் தெரிந்த பொதுவான கருத்துகள். கொடுத்திருந்த பத்தியிலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை.

மதிப்பெண் பூஜ்யம். பத்துக்குப் பூஜ்யம்.

அந்தப் பத்து எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கருத்துக்கும் அதை அடுக்கும் விதத்துக்கும் 3, மொழிப் பிழையின்மைக்கு 2, ஆக 5. இரண்டு முறை மதிப்பிட்டுக் கூட்டுவதால் 10. கருத்தில் பூஜ்யம் விழுந்தால் மொழிக்கும் தானாகவே பூஜ்யம். என் மகன் விடையில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. காற்புள்ளி, அரைப்புள்ளியெல்லாம் அதனதன் இடத்தில். ஒரு பயனும் இல்லை. ஐம்பத்துச் சொச்சம் புள்ளிகள் உள்ள தாளில் பத்து மொத்தமாகப் போனதால் தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டான்.

2024 முதல் எழுத்து விடைகளைப் பெரும்பாலும் கணினிதான் திருத்துகிறது. ஒரு பகுதிதான் மனிதர் கைக்குப் போகிறது. கணினிக்கு என் பையனின் நடை பிடிபடவில்லை என்று முடிவுகட்டி, மறுமதிப்பீடு கேட்டேன். பள்ளி மாவட்டம், அதாவது ஒரு பகுதியின் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், வழியாகத்தான் கேட்க முடியும். கட்டணம் 50 டாலர். மதிப்பெண் கூடினால் கட்ட வேண்டியதில்லை. எனக்குக் கூடவில்லை, கட்டினேன். பிறகுதான் மதிப்பீட்டு விதிகளை அச்செடுத்துப் பென்சிலோடு படித்தேன். கணினி சரியாகத்தான் திருத்தியிருந்தது. கேட்ட கேள்விக்கு அந்தத் தாளில் பதிலே இல்லை.

இனி, இந்த ஆண்டு நாங்கள் செய்தவை.

1. முதல் வாக்கியமே கேள்விக்கான பதில். கேள்வியில் உள்ள சொற்களையே திருப்பி எடுத்துப் பதிலாக்குவது. அழகாக இருக்காது, இருக்கட்டும்.

2. இரண்டாம் வாக்கியம் பத்தியிலிருந்து மேற்கோள். மூன்றாவது, அந்த மேற்கோள் ஏன் பதிலைத் தாங்குகிறது என்பது. இந்த மூன்றையும் இன்னொரு முறை. முடிவுரை ஒரே வரி.

3. குறு விடைப் பெட்டி 475 எழுத்துகள்தான். வாசிப்புக் கேள்வி என்றால் பதிலும் சான்றும் இருந்தே ஆகவேண்டும். சான்று இல்லாத பதில் அரைக் கிணறு தாண்டியது.

4. தட்டச்சு. கையால் எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது தனிப் பாடம். தினம் பதினைந்து நிமிடம்.

5. தவறான விடைக்குக் கழிவு இல்லை. எதையும் காலியாக விடக்கூடாது. நம் ஊர் நுழைவுத் தேர்வுப் பயம் இங்கே வேண்டாம்.

6. பழைய வினாத்தாள்களைக் காகிதத்தில் செய்யாதீர்கள். 2023க்குப் பிறகு கொள்குறி வினாக்கள் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். மீதியில் இழுத்துப் பொருத்துவது, படத்தில் தொட்டுக் காட்டுவது, சமன்பாட்டைத் தட்டுவது எல்லாம் உண்டு. திரையில்தான் பழகவேண்டும்.

7. முடிவு வந்ததும் 'மீட்ஸ்', 'மாஸ்டர்ஸ்' பார்த்து மூடிவிடாதீர்கள். மாநிலத்தின் தேர்வு இணையதளத்தில் ஆறெழுத்துக் குறியீடும் பிறந்த தேதியும் கொடுத்து உள்ளே போனால் ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை என்ன எழுதியது என்பதே தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் அதைப் பார்த்தோம். அதைவிடப் பயனுள்ள பயிற்சி வகுப்பு எதற்கும் நான் பணம் கட்டியதில்லை.

முதல் இரண்டும் செய்தால் போதும், மற்றவை உபரி என்பது என் கருத்து. என் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்குத் தட்டச்சுதான் எல்லாம்.

தோற்றதன் விலை என்ன என்றும் கேட்பீர்கள். வகுப்பில் நிறுத்திவைக்கமாட்டார்கள், 2021 சட்டத்தோடு ஐந்தாம், எட்டாம் வகுப்பில் இருந்த அந்தக் கட்டாயமும் போய்விட்டது. ஆனால் கோட்டுக்குக் கீழே போனவர்களுக்கு அடுத்த ஆண்டு 15 அல்லது 30 மணி நேரக் கூடுதல் பயிற்சி உண்டு. நான்கு பேருக்கு ஓர் ஆசிரியர் என்பது பொது விதி. என் மகனுக்கு அது வெட்கமாக இருந்தது. எனக்கு, உண்மையைச் சொன்னால், இலவச டியூஷனாகத் தோன்றியது.

பெரிய விலை வேறு இடத்தில். பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் 'தமிழ்' என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். அதில் குறைந்தால் இருமொழி மாணவன் என்ற வகை. ஒவ்வோர் இளவேனிலிலும் டெல்பாஸ் என்ற தனித் தேர்வு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கும் உண்டு. "ஆங்கிலம் என்று போட்டுவிடு அக்கா, தொல்லை விட்டது" என்று இங்குள்ள ஒரு தங்கை சொன்னாள். நான் தமிழ் என்றே எழுதினேன். எழுதியதில் வருத்தம் இல்லை. கோவையில் ஆங்கில வழியில் படித்த பையன்தான், ஆனாலும் ஒலிவாங்கியைப் பார்த்ததும் வாயடைத்துப் போனான். அவனுக்கு அந்த ஆதரவு தேவையாகவே இருந்தது. ஆனால் அந்த வகையிலிருந்து வெளியே வர டெல்பாஸ் மட்டும் போதாது, ஸ்டார் ஆங்கில வாசிப்பிலும் தேறியிருக்கவேண்டும். அப்புச்சியின் கோலம் எங்கள் பிள்ளையை இன்னும் ஓராண்டு அங்கேயே உட்காரவைத்தது.

இனிப் பள்ளியின் மதிப்பெண். பிள்ளைகளுக்குப் போலவே பள்ளிகளுக்கும் மாநிலம் 'ஏ' முதல் 'எஃப்' வரை ஓர் எழுத்தைத் தரமாகப் போடுகிறது. வீடு தேடும்போது தரகர் 'ஏ' பள்ளி என்று காட்டினார், வாடகையில் இருநூறு டாலர் கூடுதல், சரி என்றோம். பிறகு பார்த்தால் அது 2022ஆம் ஆண்டின் 'ஏ'. பள்ளி மாவட்டங்கள் வழக்குப் போட்டதால் 2023 தரவரிசை 2025 ஏப்ரலில்தான் வெளியானது. 2024, 2025 இரண்டும் சேர்ந்து 2025 ஆகஸ்ட் 15 அன்று வந்தன. இரண்டு வருடப் பழைய பாலுக்குப் புதுப் பால் விலை கொடுத்திருக்கிறோம்.

அந்த எழுத்து எப்படி வருகிறது? மாணவர் சாதனை, முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 விழுக்காடு. மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளி குறைப்பு என்ற மூன்றாவதற்கு 30. நூறு பேர் எழுதிய தேர்வில் 90 பேர் 'அப்ரோச்சஸ்' அல்லது அதற்கு மேல், 60 பேர் 'மீட்ஸ்' அல்லது மேல், 30 பேர் 'மாஸ்டர்ஸ்' என்று வையுங்கள். 90, 60, 30 கூட்டி மூன்றால் வகுத்தால் 60. இதுதான் சாதனைக் கணக்கின் அடி. அதாவது 'மாஸ்டர்ஸ்' வாங்கும் ஒரு பிள்ளை மூன்று முறை எண்ணப்படுகிறது. கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளையைத் தூக்கிவிட்டால் உடனே எண் ஏறுகிறது. கோடுகளின் ஓரத்தில் நிற்கும் பிள்ளைகள்மீது பள்ளிக்கு ஏன் திடீர்ப் பாசம் வருகிறது என்பது இந்த வகுத்தலைப் போட்டபிறகு எனக்கு விளங்கியது. ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. ஹூஸ்டனில் வீட்லி உயர்நிலைப் பள்ளி ஆண்டுக்கணக்கில் தேறாமல் போனதன் தொடர்ச்சியாக, 2023இல் மாநிலம் அந்த மாவட்டத்தின் நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவை ஒதுக்கிவிட்டு வேறு குழுவை நியமித்தார்கள். அந்தக் கத்தி தலைக்குமேல் தொங்கும்போது யாருக்குத்தான் பதற்றம் வராது?

எனக்கு வயிறு எரிந்தது வேறொன்றில். அமெரிக்கப் பள்ளியில் முதல் ஆண்டில் இருக்கும் இருமொழி மாணவர்களின் மதிப்பெண் பள்ளியின் கணக்கில் சேர்வதில்லை. அக்டோபர் கடைசி வெள்ளியன்று அந்தப் பள்ளியின் பதிவேட்டில் இல்லாத பிள்ளையும் அப்படித்தான், அந்தப் பள்ளிக்கு எண்ணிக்கை இல்லை. நியாயமான விதிகள்தான். ஆனால் என் மகனின் பூஜ்யம் பள்ளியின் 'ஏ'யை ஒரு துளியும் அசைக்கவில்லை என்பதும், எங்கள் வீட்டை மட்டும் அசைத்தது என்பதும் ஒன்றாகச் சேர்ந்து உறைத்தன. பள்ளியின் எழுத்தைப் பார்த்துப் பிள்ளையின் படிப்பை அளக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பேரேடுகள்.

அல்ஜீப்ரா பற்றிச் சுருக்கமாக. எட்டாம் வகுப்பிலேயே எடுத்தால் எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வு கிடையாது, உயர்நிலைப் பள்ளியின் பாட இறுதித் தேர்வை எழுதினால் போதும். அது உயர்நிலைப் பள்ளி முடித்ததற்கான சான்றுக்கும் கணக்கில் சேரும். பதிலுக்கு உயர்நிலைப் பள்ளியில் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதவேண்டும், எப்படியும் எழுதத்தானே போகிறோம். திரையிலேயே டெஸ்மாஸ் கணிப்பான் இருக்கிறது. அதில் வரைபடம் போடப் பழகிய பிள்ளைக்குப் பாதி நேரம் மிச்சம். நம் பெற்றோர்களில் சிலர் கணிப்பானைத் தொட்டால் பாவம் என்று நினைக்கிறார்கள். தொடட்டும்.

சமூக அறிவியலுக்கு என்னிடம் வழி எதுவும் இல்லை. காலனிக் காலம் முதல் 1877 வரை அமெரிக்க வரலாறு; சோழனையும் பாண்டியனையும் படித்துவிட்டு வந்த பையன் இரண்டே ஆண்டில் அதை விழுங்கி 'அப்ரோச்சஸ்' வாங்கியதே பெரிது.

ஸ்டாரே போகப்போகிறதே என்று கேட்பவர்களுக்கு: ஆம். 2025இல் நிறைவேறிய எச்.பி. 8 சட்டப்படி 2027–28 முதல் ஆண்டுத் தொடக்கம், நடு, இறுதி என்று மூன்று சிறு தேர்வுகள். அதுவரை இதுதான். அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்குப் போகும் என் மகள் பழையதை ஒருமுறை எழுதிவிட்டுப் புதியதுக்குப் போவாள். அச்செடுத்து வைத்திருக்கும் விதிகளைத் தூக்கிப் போடவில்லை.

இந்த முறை மகனின் நீள விடைக்குப் பத்துக்கு ஏழு. சனிக்கிழமை இரவு அப்பாவை அழைத்துச் சொன்னேன். முன்னுரை இல்லாமலே வாங்கினான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், கொஞ்சம் குத்தலாகத்தான். அவர் காப்பியை உறிஞ்சிவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பேரனைக் கூப்பிட்டார்.

"மீதி மூன்று எங்கே போனது கண்ணு?"