மூன்றாவது உட்குலம் வந்ததும் படுத்துவிட்ட சூத்திரம்

குலம் (group) என்பது உறுப்புகளைப் பெருக்கினாலும், பெருக்கியதைத் திருப்பிப் போட்டாலும் வெளியே போகாத கணம்; அதற்குள்ளேயே தானும் குலமாக நிற்கும் பகுதி உட்குலம். இரண்டு உட்குலங்களைப் பெருக்கினால், அதாவது ஒன்றின் ஒவ்வோர் உறுப்பையும் மற்றதன் ஒவ்வோர் உறுப்போடும் பெருக்கினால், எத்தனை வெவ்வேறு உறுப்புகள் கிடைக்கும்? பாடநூல் விடை ஒரே வரி: இரண்டின் வரிசைகளையும் (உறுப்புகளின் எண்ணிக்கைகளையும்) பெருக்கி, பொது உறுப்புகளின் எண்ணிக்கையால் வகு. நிறுவலும் சிறியதுதான். ஆனாலும் கையால் எண்ணிப் பார்க்காமல் எனக்கு மனம் ஆறவில்லை.

1, 2, 3, 4 ஆகியவற்றின் 24 வரிசைமாற்றங்களை எடுத்துக்கொண்டேன். 4-ஐ அசைக்காத ஆறும் சேர்ந்தது ப; 1-ஐ அசைக்காத ஆறும் சேர்ந்தது ம. பொதுவானவை இரண்டே: எதையும் அசைக்காத சமனி, பிறகு 2-ஐயும் 3-ஐயும் இடம் மாற்றும் (2 3). ம-வை முதலிலும் ப-வை அடுத்தும் செயல்படுத்தி (இதை பம என்று எழுதுவோம்) 36 கட்டங்களை நிரப்பினேன். வெவ்வேறு விடைகள் 18. ஒவ்வொன்றும் சரியாக இரண்டு முறை.

ப-வின் உறுப்புக்கு வலப்பக்கம் (2 3), ம-வின் உறுப்புக்கு இடப்பக்கம் இன்னொரு (2 3) என்று ஒட்டினால், நடுவில் இரண்டும் அடிபட்டுப்போகும், விடை மாறாது. அதே விடை மறுபடி வருவதற்கு வேறு வழியும் இல்லை.

விடுபட்ட ஆறும் எவை என்று தேடியதுதான் சுவையான பகுதி. ஆறுமே 1-ஐ 4-க்கு அனுப்புபவை! ம 1-ஐத் தொடாது. ப அதை 4-க்குக் கொண்டுபோகாது. வேறெப்படி வரும்? மேலும், 24 என்பது 18-ஆல் வகுபடாததால், லெக்ராஞ்ச் தேற்றப்படி (உட்குலத்தின் வரிசை குலத்தின் வரிசையை மீதியின்றி வகுக்க வேண்டும்) இந்தப் பெருக்கம் உட்குலமே அல்ல. மப என்று புரட்டிப் பெருக்கினாலும் 18தான், ஆனால் வேறு 18: அங்கே விடுபடுபவை 4-ஐ 1-க்கு அனுப்புபவை. இரண்டு கணங்களுக்கும் பொதுவானவை 14.

பிறகு ஆசை மூன்று உட்குலங்களுக்குத் தாவியது. எல்லாம் வரிசை 2. எந்த இரண்டுக்கும் சமனி தவிர வேறு பொது உறுப்பு இல்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பு எடுத்து எழுதக்கூடிய பெருக்கங்கள் எட்டு. கிளைன் நான்குறுப்புக் குலத்தில் (சமனி தவிர்த்த மூன்றில் எதையும் தன்னோடே பெருக்கினால் சமனி வரும்) விடைகள் 4. 1, 2, 3 ஆகியவற்றின் வரிசைமாற்றக் குலத்தில் 6. வரிசை 2 கொண்ட மூன்று குலங்களின் நேர்ப் பெருக்கத்தில் (மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தனித்தனியே பெருக்குவது), ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றாக எடுத்தால், முழுசாக 8. கையில் இருக்கும் எண்கள் மூன்று இடங்களிலும் அதேதான். விடை மட்டும் வேறு வேறு. அந்த எண்களை மட்டும் நம்பி எந்தச் சூத்திரமும் எழுத முடியாது.

நடு வழக்குதான் முரண்டு பிடித்தது. (1 2), (1 3), (2 3) என்ற வரிசையில் மூன்றையும் பெருக்கினால் (1 3) திரும்ப வருகிறது. முதல் இரண்டின் பெருக்கமும் கடைசி இரண்டின் பெருக்கமும் ஒரே சுழற்சி. ஆக, இரண்டு விடைகள் இருமுறை வருகின்றன, மற்ற நான்கும் ஒருமுறை. எதனால் வகுப்பது? முதல் இரண்டின் பெருக்கம் உட்குலமாக அமைந்தால் பழைய சூத்திரத்தையே இரண்டாம் முறை போடலாம். மற்ற இரு வழக்குகளிலும் அப்படித்தான் 4-உம் 8-உம் சரியாக வருகின்றன. இங்கே அந்தப் பெருக்கத்தில் நான்கு உறுப்புகள். குலத்தின் வரிசையோ 6; அது 4-ஆல் வகுபடாது, ஆகவே அந்தப் பெருக்கம் உட்குலமல்ல.

அடுத்து, மூன்றில் ஒன்று நேர்மை உட்குலமாக (குலத்தின் எந்த உறுப்பால் இடப்பக்கம் பெருக்கினாலும் வலப்பக்கம் பெருக்கினாலும் ஒரே கணம் தருவதாக) இருக்கும் வழக்குகளுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.