அக்கேடியன்: எழுத்து உதிர்ந்த ஒரு பெயர்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மெசபடோமியாவின் அக்காட் நகரத்து மொழி அக்காடியன். அது வேறு. நாம் பேசுவது கனடாவின் கிழக்குக் கரையில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்களின் வழிவந்தவர்களைப் பற்றி. தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதிவிடுகிறார்கள். அதனால் இங்கே 'அக்கேடியன்'.

1524இல் பிரான்ஸ் மன்னருக்காகக் கப்பலோட்டிய இத்தாலியர் வெரட்ஸானோ, வட அமெரிக்கக் கரையில் ஓரிடத்து மரங்களின் அழகில் மயங்கி அதற்கு 'ஆர்க்காடியா' என்று பெயர் வைத்தார். அது கிரேக்கத்து மலைநாட்டின் பெயர். ஆடு மேய்ப்பவர்களின் சொர்க்கம் என்று கவிஞர்கள் பாடிய நாடு. அவர் பெயர் வைத்த இடம் கனடாவே அல்ல, இன்றைய வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் என்பார்கள். வரைபடம் போட்டவர்கள்தான் பெயரை மெல்ல மெல்ல வடக்கே நகர்த்தினார்கள். 17ஆம் நூற்றாண்டில் 'ர்' உதிர்ந்து 'அக்கேடியா' ஆனது. அங்கே வாழ்ந்தவர்கள் அக்கேடியர்கள். 'பார்த்து' என்பதைப் 'பாத்து' என்று பேசும் நமக்கு இதில் வியப்பில்லை.

இன்னொரு விளக்கமும் உண்டு. அங்குள்ள பழங்குடிகளான மிக்மாக் மக்களின் மொழியில், ஒரு பொருள் கிடைக்கும் இடத்தைக் குறிக்க ஏறத்தாழ 'அக்கடி' என்று ஒலிக்கும் விகுதி உண்டு. ஷூபெனக்கடி என்ற ஊர்ப்பெயர் அப்படி வந்ததுதான். கிழங்கு விளையும் இடம் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் குடியேறும் முன்பே வரைபடத்தில் 'ஆர்க்காடியா' இருந்ததால் மூலம் கிரேக்கம் என்பதே என் கட்சி. ஆனால் 'ர்' உதிர்ந்ததில் மிக்மாக் ஊர்ப்பெயர்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன்.

1604இல் அந்தக் கரையோரம் செயின்ட் குரோய் தீவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் 79 பேர். முதல் குளிர்காலத்திலேயே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் ஸ்கர்வி நோயால். மறுவருடம் இன்றைய நோவா ஸ்கோஷியாவிலுள்ள போர்ட் ராயலுக்கு மாறினார்கள்.

இடத்தின் பெயர் மக்களின் பெயரானதற்கு அங்கிருந்த கடலோரச் சதுப்பு நிலம் ஒரு காரணம். ஃபண்டி விரிகுடாவில் கடல்மட்டம் 16 மீட்டர் வரை ஏறி இறங்கும். அவர்கள் காட்டை அழிக்காமல், மண்கரை கட்டிக் கடலைத் தள்ளி வைத்தார்கள். கரையின் அடியில் ஒரு மரக்கால்வாய், அதற்குள் கீல் வைத்த மரக்கதவு. இதுதான் 'அபுவாட்டோ'. நீர் வற்றும்போது உள்ளே தேங்கிய மழைநீர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கடல் ஏறும்போது அதே கடல் கதவை அறைந்து சாத்திவிடும். இரண்டு மூன்று வருட மழை உப்பைக் கழுவியதும் விதைக்கலாம். குப்பை சிக்கிக் கதவு சாத்தாமல் நின்றால் உப்புநீர் உள்ளே வந்து, கழுவும் வேலை மறுபடி முதலிலிருந்து.

1713இல் இந்த நிலம் பிரிட்டன் கைக்குப் போனது. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால், 1755 முதல் 1763 வரை 10,000 பேருக்கு மேல் நாடு கடத்தப்பட்டார்கள். ஒரு பகுதியினர் பின்னர், இன்று அமெரிக்காவின் தென்மாநிலமான லூசியானாவில் சேர்ந்தார்கள். அங்கே அக்கேடியன் என்பதன் பிரெஞ்சு வடிவமான 'அக்காதியன்' முதல் எழுத்தை இழந்து 'காதியன்' ஆனது. 'தி' குழைந்து 'ஜ' ஒலியாகி, ஆங்கிலக் காதில் 'கேஜன்' என்று விழுந்தது. 'அடித்து' நம் வாயில் 'அடிச்சு' ஆவதற்கு நெருங்கிய உறவு இது.

ஆகவே கேஜன்கள் அக்கேடியர் வழி வந்தவர்கள். ஆனால் எல்லா அக்கேடியர்களும் கேஜன்கள் அல்ல. கனடாவில் பிரெஞ்சு பேசும் இன்னொரு பகுதியான கியூபெக்கின் ஆட்களை அக்கேடியன் என்றால் இரு தரப்பும் முகம் சுளிக்கும்.

இத்தனை எழுத்து உதிர்ந்த பெயருக்கு ஒருமுறை எழுத்து கூடவும் செய்தது. 1963இல் லூசியானாவின் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்த பில்லில் 'அக்கேடியன்' என்பதன் கடைசியில் தட்டச்சுப் பிழையாக ஓர் 'ஏ' விழுந்திருந்தது. நிலையத்தாருக்கு அது பிடித்துப்போய் அந்த வட்டாரத்தையே 'அக்கேடியானா' என்று அழைக்க ஆரம்பித்தார்கள். 1971இல் மாநிலச் சட்டமன்றம் 22 பாரிஷ்களுக்கு (லூசியானாவில் மாவட்டத்துக்குப் பாரிஷ் என்று பெயர்) அதையே அதிகாரபூர்வப் பெயராக்கியது.